வாழைமரமும் வெள்ளியும்: நெருக்கடிக் காலத் தாள்பணம் சொல்லும் வரலாறு



மொழியியல் படித்தவன் பணத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பேச வந்திருப்பது பணத்தின் மதிப்பைப் பற்றியன்று. பணத்தின் மேல் எழுதப்பட்டுள்ள சொல்லையும், அந்தப் பணத்துக்கு மக்கள் வைத்த பெயரையும் பற்றியே இன்று பேசுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கட்டு நோட்டு இருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் கடை வைத்து விளையாடும்போது பாட்டி அதை எடுத்துக் கொடுப்பார். ஐந்து காசு நாணயத்தைக்கூடத் தொட விடாதவர், பத்து, நூறு என்று எண் போட்ட அந்தத் தாள்களைக் கட்டோடு கொடுத்தார். அவற்றை அவர் ‘வெள்ளி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘சப்பான் காலத்து வாழைமரம்’ என்பார். பல ஆண்டுகள் கழித்தே, அந்தப் பெயரில் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு அடங்கியிருப்பது எனக்குப் புரிந்தது.

நெருக்கடிக் காலத்தில் வெளியிடப்பட்ட ஒவ்வொரு தாள்பணத்துக்கும் இரண்டு வாசகங்கள் உண்டு. ஒன்று, அதிகாரம் அதன் மேல் அச்சிட்ட வாசகம். மற்றொன்று, அதைக் கையில் வாங்கியவர்கள் தம் வாயால் இட்ட பெயர். முதல் வாசகத்தை மட்டும் படிப்பவர் அந்த நோட்டின் பாதி வரலாற்றையே படிக்கிறார். இதுவே இன்றைய உரையின் கருத்து.

பணத்தின் பெயர்கள்

மலேசியத் தமிழர் ‘பத்து ரிங்கிட்’ என்பதைப் பத்து வெள்ளி என்கிறோம். கையில் இருப்பது தாள். வாயில் வருவதோ உலோகத்தின் பெயர். இதற்குக் காரணம் உண்டு. இந்த நீரிணைப் பகுதியில் நெடுங்காலம் புழங்கியவை ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்கள். 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி வெள்ளி டாலர் வந்தது. 1906இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. பின்னர் நாணயம் போய்த் தாள் வந்தது. ஆனால் பெயர் தங்கிவிட்டது.

மலாய் மொழியும் இதே வழியில்தான் சென்றது. ‘ரிங்கிட்’ என்பது பல்பல்லாக வெட்டிய விளிம்பைக் குறிக்கும் சொல். ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தவர் இட்ட பெயர் அது. ‘டுயிட்’ என்பது டச்சுக்காரரின் சிறு செப்புக் காசு. நம் ‘காசு’ என்னும் சொல்லோ போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று, கீழை நாடுகளின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வழங்கிய ‘கேஷ்’ என்ற பெயராயிற்று. இப்பெயர்கள் எல்லாம் நாணயத்தின் உடலைப் பற்றி நிற்பவை. உலோகம், விளிம்பு, எடை ஆகியவற்றைக் கை அறியும். கை அறிந்ததை நாக்கு சொல்லிற்று.

தாளுக்கு அப்படிப்பட்ட உடல் இல்லை. அதில் இருப்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பும் வரையில் மக்கள் தாளையும் ‘வெள்ளி’ என்றே அழைக்கிறார்கள். நம்பிக்கை போனால் பெயரும் போகிறது.

நெருக்கடி பெற்ற பிள்ளைகள்

நெருக்கடிப் பணம் எல்லாமே மோசடியன்று. 1574இல் ஸ்பானியப் படை லெய்டன் நகரை முற்றுகையிட்டபோது, உலோகம் கிடைக்காத நகரத்தார் தேவாலயப் புத்தகங்களின் தாள்களை அழுத்தி ஒட்டி அதிலே நாணயம் அடித்தார்கள். ஊர் முழுவதும் ஒரே துன்பத்தில் இருந்ததால் அந்தத் தாள் காசும் செல்லுபடியாயிற்று.

முதல் உலகப் போரின்போது வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதிலுள்ள உலோகத்துக்கு அதிக விலை கிடைக்கும் நிலை நெருங்கினால், மக்கள் நாணயத்தைப் பதுக்குவார்கள் அல்லது உருக்குவார்கள். சில்லறை மறைந்துவிடும். 1917ஆம் ஆண்டு முதல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 10 காசு, 25 காசு நோட்டுகளை வெளியிட்டதற்கு இதுவே காரணம். அதே 1917இல் இந்தியாவில் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதன் மதிப்பு எட்டு மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. அதுவும் நெருக்கடியில் பிறந்த தாள்தான். ஆயினும் வாங்குபவன் மொழியில் தன் மதிப்பைச் சொல்ல வேண்டும் என்ற கடமையாவது அதற்கு இருந்தது.

1942இல் இலங்கையில் வெளியான 5 சத நோட்டு இன்னும் சுவையானது. தபால்தலைகளின் வடிவில் 2 சதமும் 3 சதமும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டு, நடுவே துளைக்கோடு இடப்பட்டிருந்தது. கிழித்தால் இரண்டு சில்லறை, கிழிக்காவிட்டால் ஒரு நோட்டு. உலோகத் தட்டுப்பாடு ஓர் அரசை எந்த அளவுக்குச் சிந்திக்க வைத்தது என்பதற்கு அந்தச் சிறு தாள் சான்று.

இந்தத் தாள்களுக்குப் பின்னால், நெருக்கடி தீர்ந்த பின்னும் கணக்குக் கொடுக்க ஓர் அரசு நின்றது. இனி நான் சொல்லப்போகும் நோட்டுக்கு அது வாய்க்கவில்லை.

பினாங்குக்கு வந்த வாழைமரம்

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. சில நாட்களில் ஐரோப்பியர் இரகசியமாக வெளியேற்றப்பட்டனர். நகர மக்கள் கைவிடப்பட்டனர். அந்த இடைவெளியில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரத்தைக் காக்கும் குழுவொன்றையும் முன்னின்று நடத்தினார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது.

படையுடன் பணமும் வந்தது. ஆக்கிரமிக்கப்போகும் நாடுகளுக்கான நோட்டுகளை ஜப்பானியர் முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்தனர். மலாயாவுக்குரியவற்றில் ‘எம்’ என்ற எழுத்து முன்னிற்கும். நீரிணை டாலருக்கு இது சமம் என்று ஆணையிடப்பட்டது. 1 காசு முதல் 10 வெள்ளி வரை முதலில் வந்தன. பிறகு 100, இறுதியில் 1000 வெள்ளி. 10 வெள்ளி நோட்டில் குலையோடு நின்ற வாழைமரமே எல்லா நோட்டுகளுக்கும் பொதுப்பெயரைக் கொடுத்தது. மலாய்க்காரர் ‘டுயிட் பீசாங்’ என்றனர். சீனர் தம் மொழியில் வாழைப்பழ நோட்டு என்றனர். தமிழர் வாழைமர நோட்டு என்றனர். வேறுவேறு மொழி பேசியவர்கள் ஒருமித்து வைத்த பெயர் அது.

இப்போது அச்சிட்ட வாசகத்துக்கு வருவோம். 1 வெள்ளியும் அதற்கு மேற்பட்டவையும், கேட்டவுடன் கொண்டுவருபவருக்குப் பணம் தருவதாக ஜப்பானிய அரசு வாக்களிப்பதாகக் கூறுகின்றன. இந்த வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில். பள்ளிகளில் ஆங்கிலத்தை அகற்றி நிப்பொங்கோ கற்பித்த ஆட்சி, கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த ஆட்சி, பணத்தில் மட்டும் விரட்டப்பட்டவனின் மொழியில் பேசியது. கீழே ஜப்பானிய அரசின் பெயர் அவர்கள் எழுத்தில் இருக்கும். மலாய் இல்லை, சீனம் இல்லை, தமிழ் இல்லை. இந்த நாட்டில் அந்த நோட்டை வாங்கிய பெரும்பாலோருக்கு அதில் படிக்கக்கூடியதாக இருந்தது எண் ஒன்றுதான். பார்க்கக்கூடியதாக இருந்தது மரம் ஒன்றுதான். ஆகவே மரத்தின் பெயரைச் சொன்னார்கள்.

முதலில் வந்த நோட்டுகளில் தொடர் எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் எழுத்துக் குறிகள் மட்டுமே. எண் இல்லாத நோட்டுக்கு அளவு இல்லை. எத்தனை அச்சானது என்று வாங்கியவன் அறிய வழியில்லை. கள்ள நோட்டும் எளிதாயிற்று. மலாயாச் சீனரிடமிருந்து 50 மில்லியன் வெள்ளி ‘நன்கொடை’ என்ற பெயரில் கறக்கப்பட்டது. பெருகிப்போன நோட்டைத் திரும்ப இழுக்க ‘கோனான் சைக்கென்’ என்ற லாட்டரியும் நடத்தப்பட்டது. பழைய நீரிணை நோட்டு பெட்டிக்குள் ஒளிந்தது. புதிய நோட்டு சந்தையில் அலைந்தது. போருக்கு முன் சில வெள்ளிக்குக் கிடைத்த ஒரு பிக்கல் அரிசி, அதாவது ஏறத்தாழ 60 கிலோ, 1945இல் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போயிற்று. மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தார்கள்.

நோட்டு உயிரோடிருந்த நாளில் சந்தையில் அதையும் வெள்ளிக் கணக்கில்தான் எண்ணியிருப்பார்கள். ஆனால் நினைவில் தங்கிய பெயரில் வெள்ளி இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி வளர்ந்த சமூகம், தாளில் வரைந்த வாழையையும் அவ்வாறே அறிந்துகொண்டது. தமிழர் மணவீட்டு வாயிலில் வாழையைக் கட்டுவது குலம் தழைக்க வேண்டும் என்பதற்காக. இந்த வாழையோ எவர் வீட்டையும் தழைக்க வைக்கவில்லை.

1945 செப்டம்பர் 2ஆம் நாள் பினாங்கிலிருந்த ஜப்பானியப் படை சரணடையக் கையொப்பமிட்டது; மறுநாள் பிரிட்டிஷ் கடற்படை வீரர் கரையிறங்கினர். பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஆக்கிரமிப்பு நோட்டை ஏற்கவில்லை. 1941ஆம் ஆண்டைத் தாங்கி அச்சிடப்பட்டிருந்த மலாயா நாணய ஆணையக் குழுவின் நோட்டுகள் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தன. மூன்றரை ஆண்டுச் சேமிப்பு விளையாட்டுத் தாளாயிற்று.

கடனும் கூலியும்

இந்த நோட்டு எல்லாரையும் ஒரே அளவில் பாதித்தது என்று எண்ணுவது தவறு. பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் செய்த நகரத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போருக்கு முன் கொடுத்த கடன் நல்ல வெள்ளி. ஆக்கிரமிப்புக் காலத்தில் கடன்பட்டவர் பலர் வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கணக்கைத் தீர்த்து, அடமானப் பத்திரத்தை மீட்டுக்கொண்டு போனார்கள். நோட்டை வாங்க மறுப்பது ஆட்சியை அவமதிப்பதாகும் என்ற அச்சம். வாங்கினால் முதலே கரையும் என்ற கவலை. பேரேட்டில் வரவு எழுதப்பட்டது. பெட்டியில் தாள் சேர்ந்தது.

போருக்குப் பின் அந்தக் கணக்குகள் வழக்காயின. 1948இல் கடனாளர், கடன்கொடுத்தோர் ஆக்கிரமிப்புக் காலச் சட்டம் இயற்றப்பட்டது. நாள் செல்லச் செல்ல நோட்டு எவ்வளவு மதிப்பிழந்தது என்பதற்கு அச்சட்டம் ஓர் அட்டவணையை வகுத்து, அதன்படி கடன்களை மறுமதிப்பீடு செய்ய வழி கண்டது. முழு நீதியோ அரை நீதியோ, பத்திரம் வைத்திருந்தவருக்கு வாதாட ஓர் இடம் கிடைத்தது.

கூலி வாங்கியவருக்கு? தோட்டத்தில் அந்த நோட்டைக் கூலியாகப் பெற்றவரிடம் பத்திரம் ஏதுமில்லை. அவர் விற்றது உழைப்பு, அது செலவாகிவிட்டது. வாங்கியது தாள், அது செல்லாததாகிவிட்டது. 1945இல் வெளியான 100 வெள்ளி நோட்டு ஒன்றில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்வோரின் படம் இருக்கிறது. 1000 வெள்ளி நோட்டில் மாட்டுவண்டி இருக்கிறது. பால்மரம் சீவிய கையும் வண்டியோட்டிய கையும் பெரும்பாலும் யாருடையவை என்பதை நாம் அறிவோம். நோட்டின் மேல் நம் மொழிக்கு இடமில்லை. நம் உழைப்பைப் போன்றதொரு படத்துக்கு மட்டும் இடமிருந்தது.

இதனினும் கொடியது சயாம்–பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1943 அக்டோபருக்குள் முடிப்பதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டவரும் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டவரும் உண்டு. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர் எண்ணற்றோர். உரிய கூலி தமக்குக் கிடைக்கவேயில்லை என்பது தப்பிவந்தோரும் அவர்தம் வாரிசுகளும் நெடுங்காலமாக எழுப்பிவரும் முறையீடு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தைத் தமிழில் பதிவு செய்தவை. அக்காலத்து மேடானையும் பினாங்கையும் அறிய விரும்பும் மாணவர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படிக்கலாம்.

வேலிக்குள் செல்லும் பணம்

நாடு முழுவதும் செல்லும் நெருக்கடி நோட்டு ஒருவகை. ஒரு வேலிக்குள் மட்டும் செல்லும் முகாம் பணம் மற்றொருவகை. பின்னதன் நோக்கமே வேறு. போர்க்கைதியிடம் நாட்டுப்பணம் இருந்தால் காவலனுக்குக் கொடுக்கலாம், தப்பியோட வழிச்செலவு ஆக்கலாம். ஆகவே முகாம் கடைக்குள் மட்டும் செல்லும் சீட்டு கொடுக்கப்படுகிறது. அந்தச் சீட்டு, வாங்கும் சக்தியைத் தருவதுபோல் தந்து, வெளியே போகும் சக்தியைப் பறிக்கிறது.

இதன் மிகக் கொடிய வடிவம் நாஜிகள் தெரேசியன்ஷ்டாட் முகாமில் வெளியிட்ட நோட்டு. 1943 ஜனவரி 1 என்று நாளிட்ட அதில், பத்துக் கட்டளைப் பலகையை ஏந்திய மோசே நிற்கிறார். வரைந்தவர் அங்கு அடைபட்டிருந்த பீட்டர் கீன் என்னும் ஓவியர். உலகத்தின் கண்ணுக்கு அது ஒரு நகரம்போல் தோன்ற வேண்டும் என்பதற்காக அச்சிடப்பட்ட பணம் அது. வாங்குவதற்கு ஏதுமற்ற இடத்தில் பணம் இருந்தது.

நமக்கு அண்மையிலும் வேலிப்பணம் இருந்தது. பினாங்கு வழியாகப் பல தமிழரும் சென்ற சுமத்ராவின் டெலித் தோட்டங்களில், தோட்டக் கடையில் மட்டும் மாற்றக்கூடிய உலோக வில்லைகள் கூலியாகக் கொடுக்கப்பட்டன. கூலி கைக்கு வந்தது. ஆனால் தோட்ட எல்லையைத் தாண்டியதும் அது கூலியாக இல்லை.

நோயாளிகளுக்கும் வேலி போடப்பட்டது. நம் தீவுக்கு எதிரேயுள்ள ஜெரெஜாக் தீவு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தொழுநோயாளர் காப்பிடமாக இருந்தது. 1930இல் சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அங்கு ஒன்றாக வாழ்ந்தனர். 1936இல் அக்குடியிருப்புக்கென்றே 5 காசு, 10 காசு, 1 வெள்ளி நோட்டுகள் வெளியிடப்பட்டன. பிலிப்பீன்சின் குலியோன் தீவில் 1913 முதலே இத்தகைய தனி நாணயம் இருந்தது. நோட்டின் வழியே நோய் தொற்றும் என்ற அச்சமே இவற்றுக்கு அடிப்படை. இந்த நோட்டு ஒருவரிடம் என்ன வாங்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. நீ தொட்டதை நாங்கள் தொடமாட்டோம் என்றும் சொல்லிற்று.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

இன்று வாழைமர நோட்டு சேகரிப்பாளரின் பொருளாகிவிட்டது. மறுபதிப்புகளும் விற்பனையாகின்றன. எந்தக் குறியெழுத்து அரிது, எந்தத் தாளில் நீர்க்குறி உண்டு என்ற அறிவு பயனுள்ளதுதான். ஆனால் அந்த அறிவோடு நின்றுவிட்டால், நோட்டு கிடைத்துவிடும்; வாங்கியவன் தொலைந்துவிடுவான்.

ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது எளிய ஒன்று. இத்தகைய ஒரு நோட்டையோ அதன் படத்தையோ மாணவர் முன் வைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த நோட்டு யாருக்கு, எந்த மொழியில் வாக்களிக்கிறது? எந்த எல்லை வரை அது செல்லும்? அதை வாங்கியவர்கள் அதை என்ன பெயரால் அழைத்தார்கள்? முதல் இரண்டுக்கும் விடை நோட்டிலும் ஆவணக் காப்பகத்திலும் உண்டு. மூன்றாவதற்கு விடை வீட்டில் உண்டு. தோட்டத்தில் ஒரு பெயர், பட்டணத்தில் ஒரு பெயர், தொழுநோய்க் குடியிருப்பில் வேறொரு பெயர் இருந்திருக்கலாம். அவற்றை நேரில் பேசியவர் இன்று மிகச் சிலரே. அவர்கள் மடியில் வளர்ந்தவர்கள் என் வயதினர். எங்களிடமாவது மாணவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சொன்னவர் ஊரையும் சொல்லப்பட்ட சூழலையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். அகராதியில் ஏறாத சொல், பேசியவரோடு போய்விடும்.

கடன் கொடுத்தவருக்குப் பேரேடு இருந்தது. அவர் வரலாற்றைச் சட்டமன்றமும் நீதிமன்றமும் எழுதிவைத்தன. கூலி வாங்கியவருக்கு ஒரு சொல் மட்டுமே மிஞ்சியது. எங்கள் தகரப் பெட்டியில் பாட்டி அந்தக் கட்டை ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை. உங்கள் மாணவர்கள் அந்தப் பிழையைச் செய்யாதிருக்கட்டும்.